பழைய பிக்சர் டியூப் டிவியைக் கழற்றுதல்: எதற்கு அஞ்ச வேண்டும், எதை முதலில் அளக்க வேண்டும்?

மங்கியதிரை

வணக்கம். என்னிடம் 21 அங்குல வண்ண டிவி ஒன்று இருக்கிறது. கண்ணாடிப் பிக்சர் டியூப் உள்ள பழைய வகை. ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று அணைந்தது. அதன் பிறகு ஸ்டாண்ட்பை விளக்குகூட எரியவில்லை. மின்கம்பியும் பிளக்கும் சரியாக இருக்கின்றன. சால்டரிங் செய்யத் தெரியும், மல்டிமீட்டர் வைத்திருக்கிறேன், ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்த பழக்கம் உண்டு. ஆனால் டிவியின் பின்மூடியை இதுவரை திறந்ததில்லை. பிக்சர் டியூபில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தங்கியிருக்கும் என்றும், அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக டியூபை டிஸ்சார்ஜ் செய்துவிட (தங்கியிருக்கும் மின்னூட்டத்தை வெளியேற்றிவிட) வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் முறையாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈயப்பற்று

நண்பரே, நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால், உங்கள் டிவியில் முதலில் அஞ்ச வேண்டியது பிக்சர் டியூபுக்கு அல்ல. பவர் சப்ளைப் பகுதியில் நிற்கும், மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டருக்கு. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டியூபைப் பற்றிய பயத்திலேயே கவனம் முழுவதும் போய், அருகிலேயே இருக்கும் இந்தக் கெப்பாசிட்டரில் கை வைப்பவர்கள் அதிகம்.

வண்ண டிவியின் டியூபில் ஆனோடு (டியூபுக்குள் உயர் மின்னழுத்தம் ஏறும் முனை) மின்னழுத்தம் 20,000 முதல் 30,000 வோல்ட் வரை இருக்கும்; சிறிய கருப்பு வெள்ளைப் பெட்டிகளில் ஏறத்தாழ 10,000 வோல்ட். டியூப் கண்ணாடியின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் கரிப்பூச்சு உண்டு. இடையில் கண்ணாடி இருப்பதால் டியூபே ஒரு கெப்பாசிட்டராகிவிடுகிறது. ஆனால் அதன் கொள்ளளவு மிகச் சிறியது. 2 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டு 25,000 வோல்ட்டுக்குக் கணக்கிட்டால், தங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 0.6 ஜூல்தான். இப்போது ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பாருங்கள். 230 வோல்ட் மின்சாரம் பிரிட்ஜ் டயோடுகள் வழியாக அதில் ஏறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் டிசி ஆகிறது. 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் 11 ஜூலுக்கு மேல். வோல்ட்டில் எண்பது மடங்கு குறைவு. ஆற்றலிலோ ஏறத்தாழ பத்தொன்பது மடங்கு அதிகம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் டிவியை அணைத்தால், அதன் பவர் சப்ளை இன்னும் சில நொடிகள் இயங்கி, அந்தக் கெப்பாசிட்டரில் இருப்பதைப் பெரும்பாலும் இழுத்துத் தீர்த்துவிடும். பவர் சப்ளையே இயங்காத டிவியில் அதை இழுக்க ஒன்றுமில்லை. ஃப்யூஸ் நன்றாக இருந்து, சப்ளை மட்டும் துவங்காமல் நின்றிருந்தால், நீங்கள் ஒவ்வொரு முறை பிளக்கைச் செருகிப் பார்த்தபோதும் கெப்பாசிட்டர் முழுதாக நிரம்பியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நெடுநேரம் அப்படியே நிற்கும். ஆகவே "செத்துப்போன" டிவிதான் ஓடும் டிவியைவிடக் கூடுதல் எச்சரிக்கையுடன் திறக்கப்பட வேண்டியது.

டியூபைப் பொறுத்தவரை என் கருத்து இது: ஆனோடு கேப்பை, அதாவது சிவப்பு உயர் மின்னழுத்த வயர் டியூபின் கண்ணாடியில் சேரும் இடத்தை மூடியிருக்கும் ரப்பர் கிண்ணத்தை, கழற்ற வேண்டிய வேலை இல்லையென்றால் அதன் பக்கமே போகாதீர்கள். தேவையில்லாமல் டிஸ்சார்ஜ் செய்யப் போவதே கூடுதல் ஆபத்து.

கருப்புவெள்ளை

ஈயப்பற்று சொன்ன கணக்கு சரி. ஆனாலும் 0.6 ஜூல்தானே என்று புதியவர் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சேர்க்கிறேன். ஈ.எச்.டி. (ஆனோடில் இருக்கும் அந்த உயர் மின்னழுத்தம்) அடித்தால் கை தானாகத் தெறித்துப் பின்வாங்கும். அதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. பின்வாங்கும் கை எதன் மீது மோதும்? டியூபின் கழுத்தின் மீது, ஹீட் சிங்க்கின் கூர்மையான விளிம்பின் மீது, அல்லது மேசையிலிருந்தே டிவியைத் தள்ளிவிடும். மின்சாரத்தால் வந்த காயத்தைவிட அந்தத் தெறிப்பால் வந்த காயங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

கழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டியூபுக்குள் வெற்றிடம், வெளியே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம். 21 அங்குலத் திரையின் முன்முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம் நிற்கிறது. முன்முகம் தடித்த கண்ணாடி, சுற்றிலும் எஃகுப் பட்டை இறுக்கியிருக்கிறது. ஆகவே அது எளிதில் உடையாது. பின்னால் நீண்டிருக்கும் கழுத்தோ மெல்லியது. பின்மூடியைக் கழற்றும்போது திருகாணிகள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு, மூடியை நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். சாய்த்தோ முறுக்கியோ இழுத்தால் மூடியின் உள்விளிம்பு கழுத்தில் இருக்கும் போர்டில் சிக்கிக்கொள்ளும். பெரும்பாலான பெட்டிகளில் ஆன்டெனா சாக்கெட்டுக்கு அருகிலோ ஏ.வி. சாக்கெட்டுகளுக்கு நடுவிலோ ஒரு திருகாணி ஒளிந்திருக்கும். மூடி வர மறுத்தால் பலத்தைக் கூட்டாமல் அதைத் தேடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். திரை கீழே பார்த்தபடி மெத்தென்ற துணியின் மீது கவிழ்த்து வைப்பது நல்லது என்று சிலர் சொல்வார்கள். டியூபைப் பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தால் மட்டுமே அது தேவை. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

மங்கியதிரை

இருவருக்கும் நன்றி. மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு சந்தேகம். ஃபில்டர் கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் இருக்கிறதா என்று அளக்கும்போது, மீட்டரின் கருப்பு முனையை எங்கே வைப்பது? ஆம்ப்ளிஃபயரில் செய்வதுபோல் ஏதாவது ஓர் உலோகப் பகுதியில், உதாரணமாக ட்யூனர் டப்பாவின் மீது, வைத்தால் போதுமா?

ஈயப்பற்று

போதாது, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஸ்விட்ச் மோட் சப்ளை (மின்சாரத்தை வேகமாகத் துண்டித்து இணைத்து மாற்றும் பவர் சப்ளை) உள்ள பெரும்பாலான டிவிகளில் இரண்டு கிரவுண்டுகள், அதாவது மின்னழுத்தத்தை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் பொதுப் புள்ளிகள், உண்டு. டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம் இருப்பது ஹாட் கிரவுண்ட். அது பிரிட்ஜ் டயோடுகள் வழியாக நேரடியாக மின்வாரிய லைனோடு தொடர்புடையது. பின்பக்கம் இருப்பது கோல்ட் (cold) கிரவுண்ட். ட்யூனர் டப்பா, ஏ.வி. சாக்கெட் எல்லாம் அதைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் இடையில் தொடர்பு இல்லாததால், சிவப்பு முனையை ஃபில்டர் கெப்பாசிட்டரிலும் கருப்பு முனையை ட்யூனரிலும் வைத்தால், கெப்பாசிட்டரில் 300 வோல்ட் நின்றாலும் மீட்டர் பூஜ்யத்தையோ பொருளற்ற ஓர் எண்ணையோதான் காட்டும். மீட்டர் பூஜ்யம் காட்டியதை நம்பிப் போர்டில் கை வைப்பதைவிட, அளக்காமலே பயந்து கொண்டிருப்பது மேல்.

ஆகவே கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலேயே இரண்டு முனைகளையும் வையுங்கள். மீட்டர் டிசி 600 அல்லது 1000 வோல்ட் நிலையில் இருக்கட்டும். அளப்பதற்கு முன் மின்கலம் ஒன்றை அளந்து மீட்டரும் அதன் வயர்களும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது நல்ல பழக்கம். பிளக் பிடுங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆனால் ஆன்டெனா வயரையும் கேபிள் இணைப்பையும் கூடக் கழற்றிவிட வேண்டும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சில பெட்டிகளில் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். ரிமோட்டில் அணைத்தாலோ எதுவுமே துண்டிக்கப்படுவதில்லை.

இன்னொன்று: எல்லாப் பெட்டிகளிலும் இந்தப் பிரிவினை இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சில பழைய பெட்டிகளில் சேசிஸ் (உட்பலகையும் அதன் உலோகச் சட்டமும்) முழுவதுமே லைனோடு இணைந்திருக்கும். அவற்றில் கோல்ட் கிரவுண்ட் என்ற ஒன்றே கிடையாது.

திருப்புளி

இவ்வளவு பெரிய விளக்கம் எதற்கு? திருப்புளியைக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே வைத்தால் ஒரே சத்தத்தில் காலியாகிவிடும். நான் கற்றுக்கொண்ட பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஈயப்பற்று

செய்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 325 வோல்ட்டை நேராகக் குறுக்கிடும்போது நொடியின் மிகச் சிறு பகுதியில் பெரும் மின்னோட்டம் பாய்கிறது. திருப்புளியின் முனை உருகித் தெறிக்கிறது, போர்டின் செப்புத்தடம் பெயர்கிறது, சில சமயம் கெப்பாசிட்டரின் உள்ளிணைப்பும் பழுதாகிறது. உருகிய உலோகத்துளி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சத்தம் வந்தால் காலியாகிவிட்டது என்று பொருள், சத்தம் வராவிட்டால்? கெப்பாசிட்டர் முன்பே காலியாக இருந்ததா, அல்லது திருப்புளி சரியாகத் தொடவில்லையா என்பது உங்களுக்குத் தெரியாது.

10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு காலிலும் நன்கு காப்பிட்ட வயரைப் பற்றவைத்து, முனைகளில் மல்டிமீட்டர் ப்ரோப் போன்ற காப்புள்ள ஊசிகளைப் பொருத்திக்கொள்ளுங்கள். 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இதன் வழியே பத்துப் பதினைந்து நொடிகளில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். மீட்டரையும் கூடவே இணைத்து வைத்தால் எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். முழு வோல்ட்டேஜ் இருந்தாலும் தொடக்கத்தில் சுமார் 10 வாட்தான் செலவாகும்; ஆகவே ரெசிஸ்டரும் தாங்கும். இழை உள்ள சிறிய பல்பை இதற்குப் பயன்படுத்துபவர்களும் உண்டு. ஒளி மங்கி அணைவது கண்ணுக்குத் தெரியும் என்றாலும், இழை குளிர்ந்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று பல்பு சொல்லாது.

மங்கியதிரை

சொன்னபடி ரெசிஸ்டர் வயரைத் தயார் செய்துகொண்டு மூடியைத் திறந்தேன். நேற்று மாலையில்தான் கடைசியாகப் பிளக்கைச் செருகிப் பார்த்திருந்தேன். இன்று காலையில் கெப்பாசிட்டரின் கால்களில் 214 வோல்ட் இருந்தது! ரெசிஸ்டரை வைத்ததும் எண் சரசரவென்று இறங்கி ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. ட்யூனர் டப்பாவுக்கும் கெப்பாசிட்டரின் மைனஸ் காலுக்கும் இடையில் தொடர்பு இருக்கிறதா என்று பிறகு பார்த்தேன், இல்லை.

ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. பெரிய கெப்பாசிட்டரின் பிளஸ் பக்கத்திலிருந்து சப்ளை ஐ.சி.க்குப் போகும் வழியில் இரண்டு ரெசிஸ்டர்கள் தொடராக இருக்கின்றன. நிறப்பட்டைகளின்படி ஒவ்வொன்றும் 150 கிலோ ஓம். ஒன்றின் காலை எடுத்துவிட்டு அளந்தால் மீட்டர் எதுவும் காட்டவில்லை. மேற்பூச்சு சிறிது கூடக் கருகவில்லை. பார்வைக்குப் புதியதுபோல் இருக்கிறது.

ஈயப்பற்று

அதுதான் ஸ்டார்ட் அப் ரெசிஸ்டர். சப்ளை துவங்குவதற்கான முதல் துளி மின்சாரம் அதன் வழியாகத்தான் ஐ.சி.க்குப் போகிறது. ஆண்டுக்கணக்கில் 300 வோல்ட்டைத் தாங்கி நின்று, ஒருநாள் சத்தமில்லாமல் ஓப்பன் ஆகிவிடும், அதாவது உள்ளே அறுந்துவிடும். கருகுவதற்கு அதில் அவ்வளவு மின்னோட்டம் கிடையாது. இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். மதிப்பு மட்டுமல்ல, வாட்டும் வோல்ட் தாங்குதிறனும் பழையதற்குக் குறையக் கூடாது. அருகிலுள்ள சிறிய எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரையும் மாற்றுவது நல்லது. சூட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அது வறண்டு போயிருக்கும்.

சீரீஸ்பல்பு

பாகத்தை மாற்றிய பிறகு நேரடியாகப் பிளக்கில் செருக வேண்டாம். 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் வைத்து மின்சாரம் கொடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. போர்டில் எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும். இல்லையென்றால் ஒரு கணம் எரிந்து மங்கும். ஆனால் வண்ண டிவியில் திரையைச் சுற்றி ஒரு டிகாஸ் காயில் (திரையில் படிந்த காந்தத்தன்மையை நீக்கும் கம்பிச்சுருள்) உண்டு. துவங்கும் கணத்தில் அது அதிக மின்சாரத்தை இழுக்கும். தொடரில் பல்பு இருந்தால் அதற்குரிய பாசிஸ்டர் (சூடேறியதும் மின்தடை கூடி, காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பாகம்) சூடேறத் தாமதமாகும். ஷார்ட் இல்லாமலே பல்பு எரிந்து உங்களைக் குழப்பும். சோதிக்கும் நேரத்தில் மட்டும் அந்தக் காயிலின் கனெக்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

சீரீஸ் பல்பு ஷார்ட்டிலிருந்து போர்டைத்தான் காக்கும், உங்களைக் காக்காது. ஹாட் பகுதி அப்போதும் லைனோடுதான் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மின்சாரத்தோடு அளக்க வேண்டியிருந்தால் டிவியை மின்வாரிய லைனிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது இருந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு புள்ளிகளைத் தொட்டால் ஷாக் அடிக்கத்தான் செய்யும். ஆகவே ஒரு கை வேலை செய்யும்போது மற்றொரு கை உங்கள் சட்டைப்பையிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கட்டும். மோதிரம், கைக்கடிகாரம், உலோகச் சங்கிலி எதுவும் உடலில் வேண்டாம். அறையில் வேறொருவரும் இருக்கட்டும்.

மங்கியதிரை

டிவி உயிர் பெற்றுவிட்டது. பல்பு ஒருமுறை எரிந்து மங்கியது. பிறகு நேரடியாகக் கொடுத்தேன், படமும் வந்தது. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் படம் சுருங்கி, ஒரு சட் என்ற ஒலியோடு மறைந்து திரும்ப வருகிறது. அணைத்துவிட்டுக் கெப்பாசிட்டரைச் சோதித்த பின், டார்ச் விளக்கை வைத்துப் போர்டின் அடிப்பக்கத்தைக் கிடைத்த இடைவெளியில் பார்த்தேன். எல்.ஓ.டி.யின் (ஈ.எச்.டி.யை உண்டாக்கும் லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின்) கால் ஒன்றைச் சுற்றி, ஈயத்தில் முடி அளவுக்கு ஒரு கருவளையம் தெரிகிறது. அதைத் திரும்பப் பற்றவைக்கப் போர்டை முழுதாக வெளியே இழுக்க வேண்டும். அதிலிருந்து டியூபுக்குப் போகும் சிவப்பு வயரின் நீளம் போதவில்லை. இப்போது ஆனோடு கேப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

கருப்புவெள்ளை

இப்போதுதான் உங்கள் முதல் கேள்விக்கு வேளை வந்திருக்கிறது. முன்பு நெடுநாள் ஓடாத டியூபில் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. இன்று ஓடியிருப்பதால் நிச்சயம் நிரம்பியிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எல்.ஓ.டி.க்குள் சில வகைகளில் மின்னை வடியவிடும் ரெசிஸ்டர் இருக்கும். உங்களுடையதில் இருக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

பிளக்கும் ஆன்டெனாவும் கழன்றிருக்க, முதலில் ஃபில்டர் கெப்பாசிட்டரை இறக்கிவிடுங்கள். டியூபின் பின்புறத்தில் கரிப்பூச்சின் மீது இழுத்துக் கட்டியிருக்கும் காப்பில்லாத பின்னல் கம்பி ஒன்று தெரியும். டிஸ்சார்ஜ் வயரின் முதலைக் கிளிப்பை அந்தக் கம்பியில் முதலில் மாட்டுங்கள். பிறகுதான் மறுமுனை. இந்த வரிசை மாறவே கூடாது. மாறினால் கையில் இருக்கும் கிளிப்பே 25,000 வோல்ட்டாகிவிடும். மறுமுனையில், நீண்ட தண்டும் தடித்த காப்புப் பிடியும் உள்ள மெல்லிய தட்டைத் திருப்புளியின் உலோகத் தண்டில் வயரை உறுதியாகக் கட்டியிருக்க வேண்டும். உயர் மின்னழுத்த ப்ரோப் கிடைத்தால் அது இன்னும் மேல். நூற்றுக்கணக்கான மெகா ஓம் வழியாக மெல்ல வடியவிட்டு, எவ்வளவு மிச்சம் என்றும் காட்டிவிடும். சாதாரண மல்டிமீட்டரை ஆனோடு பக்கம் கொண்டுபோகவே கூடாது. அது 1000 வோல்ட்டுக்குத்தான் செய்யப்பட்டது. சாதாரண ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் வைத்தாலும் பொறி அதன் மேலாகவே தாவிச் சென்றுவிடும். அதற்கென்றே செய்த உயர் மின்னழுத்த ரெசிஸ்டர் வேண்டும்.

ஒரு கையால் பிடியின் பின்பகுதியைப் பிடித்து, ஆனோடு கேப்பின் ரப்பர் கிண்ண விளிம்புக்கு அடியில் முனையை மெல்ல நுழைத்து, நடுவிலுள்ள உலோகக் கொக்கியைத் தொடும் வரை கண்ணாடியோடு ஒட்டித் தள்ளுங்கள். குத்தவோ நெம்பவோ வேண்டாம். அடியில் இருப்பது கண்ணாடி. ஒரு சிறு வெடிப்பொலி கேட்கலாம், கேட்காமலும் போகலாம். சில நொடிகள் அப்படியே பிடித்திருங்கள். எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் கழித்து மீண்டும் செய்யுங்கள், ஏனென்றால் கண்ணாடிக்குள் ஊறியிருக்கும் மின்னூட்டம் மெல்ல மேலெழுந்து டியூபைத் திரும்பவும் ஓரளவு நிரப்பிவிடும். மூன்றாம் முறையும் செய்வதில் தவறில்லை.

திருப்புளி

பின்னல் கம்பிக்குப் பதிலாக ட்யூனர் கிரவுண்டில் மாட்டினால் என்ன? கைக்கு எட்டும் இடம் அதுதானே.

கருப்புவெள்ளை

டியூபின் வெளிப்பூச்சுதான் அந்தக் கெப்பாசிட்டரின் மறு தகடு. பின்னல் கம்பியில் மாட்டினால் மின்னூட்டம் அங்கேயே சுற்றி முடிந்துவிடும். ட்யூனரில் மாட்டினால், அது நெக் போர்டு (டியூபின் கழுத்தில் செருகியிருக்கும் போர்டு) வழியாகவும் சிக்னல் கிரவுண்ட் வழியாகவும் சுற்றித் திரும்ப வேண்டும். போகிற வழியில் வீடியோ ஐ.சி.யையோ மைக்ரோகன்ட்ரோலரையோ பலி வாங்கிவிடும். நெக் போர்டு கழன்றிருந்தால் திரும்பும் வழியே இருக்காது. டிஸ்சார்ஜ் செய்த பிறகு டிவி புதிதாக ஒரு பழுதைக் காட்டுகிறது என்று வருபவர்களில் சிலர் இப்படிச் செய்தவர்கள்தாம்.

ஈயப்பற்று

கேப்பைக் கழற்றுவது பற்றிச் சிறு குறிப்பு. ரப்பரை மடக்கிப் பார்த்தால் உள்ளே இரு பக்கமும் விரிந்த கம்பிக் கொக்கி தெரியும். அதை ஒரு பக்கமாகத் தள்ளினால் மறுபக்கக் கால் துளையிலிருந்து விடுபடும். நேராக மேலே இழுக்கக் கூடாது. கழற்றியதும் துளைக்கும் பின்னல் கம்பிக்கும் இடையில் ஒரு வயரை மாட்டி வைத்துவிட்டால், வேலை முடியும்வரை மின்னூட்டம் திரும்பச் சேராது. நெக் போர்டை இரு கையாலும் நேராகப் பின்னோக்கி இழுங்கள்; பக்கவாட்டில் ஆட்டினால் கழுத்தின் நுனியிலுள்ள சீல் உடைந்து காற்று புகும். கழுத்துக்கு அருகில் கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிபோல் பளபளக்கும் படலம் பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று அறியலாம். அந்த டியூப் இனி உதவாது. யோக்கையும் (கழுத்தைச் சுற்றியிருக்கும், எலெக்ட்ரான் கற்றையைத் திருப்பும் கம்பிச்சுருள்) அதன் பின்னாலுள்ள வளையக் காந்தங்களையும் தொடவே வேண்டாம். நிறங்களின் பொருத்தம் அவற்றின் நிலையில்தான் இருக்கிறது. ஒருமுறை கலைந்தால் திரும்ப அமைப்பது தனிக் கலை.

போர்டு வெளியே வந்ததும் அந்த ஒரு காலோடு நிறுத்தாமல், எல்.ஓ.டி.யின் எல்லாக் கால்களையும், ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர், டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர், யோக் கனெக்டர் ஆகியவற்றையும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். கனமான பாகமும் சூடும் சேரும் இடங்கள் எல்லாம் டிரை சால்டருக்கு (விரிசல் விட்டுப் பிடிப்பிழந்த ஈயப்பற்றுக்கு) இருப்பிடம்.

மங்கியதிரை

முதல் முறை தொட்டபோது டப்பென்று கேட்டது. இரண்டாம் முறை மிக மெல்லியதாக, மூன்றாம் முறை ஒன்றுமில்லை. எல்.ஓ.டி.யின் மூன்று கால்களில் விரிசல் இருந்தது. யோக் கனெக்டரிலும் ஒன்று. எல்லாவற்றையும் பற்றவைத்துவிட்டேன். ரப்பர் கிண்ணத்தின் உள்ளேயும் கண்ணாடியிலும் கருப்பு எண்ணெய்ப்பிசுக்காகத் தூசி படிந்திருக்கிறது. துடைக்கலாமா? படத்தின் பிரகாசமும் சற்றுக் குறைவாக இருந்தது. சப்ளை வோல்ட்டேஜைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகுமா?

சீரீஸ்பல்பு

கூட்டாதீர்கள். பி பிளஸ் வோல்ட்டேஜைக் (சப்ளையிலிருந்து எல்.ஓ.டி. பகுதிக்குப் போகும் முக்கிய டிசி மின்னழுத்தத்தை) கூட்டினால் ஈ.எச்.டி.யும் கூடவே ஏறும். எலெக்ட்ரான்கள் திரையில் மோதுவதால் எக்ஸ் கதிர் பிறக்கிறது. குறித்த அளவுக்குள் இருக்கும்வரை டியூபின் கண்ணாடியே அதைத் தடுத்துவிடும். அந்த அளவைத் தாண்டினால் அந்தக் காப்பு போதாமல் போகலாம். அதற்காகவே பல பெட்டிகளில், ஈ.எச்.டி. அளவு மீறினால் டிவியை நிறுத்திவிடும் ஷட்டவுன் சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். அதைத் துண்டித்துவிட்டு டிவியை ஓட்டச் சொல்லும் யோசனை எங்கு வந்தாலும் ஏற்காதீர்கள். பிரகாசத்துக்கு எல்.ஓ.டி.யிலுள்ள ஸ்கிரீன் திருகை மிகச் சிறிதளவு திருப்பிப் பார்க்கலாம். காப்புள்ள பிளாஸ்டிக் திருப்புளியால் மட்டும்.

கருப்புவெள்ளை

தூசியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். துளையைச் சுற்றிய வட்டத்தை மட்டும். வெளிக்கரிப்பூச்சின் மீது தேய்த்தால் அது பெயர்ந்து வரும். கிண்ணத்தையும் உட்புறமாகத் துடைத்து, ஈரம் முழுவதும் ஆவியாகும் வரை காத்திருங்கள். ஈரத்தோடு மாட்டினால் மின்சாரம் கண்ணாடியின் மேலாகவே ஊர்ந்து சீறும். கொக்கியின் இரு கால்களும் துளைக்குள் விழுந்து, ரப்பரின் விளிம்பு மடிப்பில்லாமல் கண்ணாடியில் படிந்திருக்க வேண்டும். துளைக்கு மாட்டிய தற்காலிக வயரையும் கழுத்துப் பக்கம் மறந்து வைத்த கருவிகளையும் எடுத்துவிட்டு, பின்னல் கம்பியின் வயர் நெக் போர்டில் திரும்ப இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு வயர் ஹீட் சிங்க்கில் உரசாதபடி பழைய கிளிப்பிலேயே மாட்டி, டிகாஸ் கனெக்டரையும் செருகிய பிறகு மின்சாரம் கொடுங்கள்.